நூற்றியெண்பது நாள்

கொழும்பிலிருந்து வந்த பொடியன்
மேசையில் இரண்டு தாள் விரித்தான்.
இடப்பக்கம் பழைய லஞ்ச் சீற்.
வலப்பக்கம் புதுசு:
"இது மக்கும் அக்கா, சோளத்தில செய்தது."
கசக்கிப் பார்த்தேன்.
பழையது கரகரத்தது.
புதுசு ஈரத்துணி மாதிரி, சத்தமில்லை.

ஒன்றுக்கு மூன்று ரூபா கூட.
நாளுக்கு நூற்றிருபது பார்சல்.
கணக்கை அவன் போடவில்லை,
நான் போட்டேன், மீன்குழம்பு அகப்பையோடு நின்று.
அதுக்கு முதலே சுவரில்
மாநகரசபைக் கடுதாசி ஒட்டியாயிற்று:
முதலாம் திகதியிலிருந்து.

முதலாம் திகதி
சொதி விட்டதும் தாள் வேர்த்தது.
கஸ்தூரியார் வீதி வங்கிக்காரர் ஒருத்தர்
பத்து நிமிசத்தில் திரும்பி வந்தார்,
காற்சட்டையில் மஞ்சளாக ஒரு தீவு.
"மக்கட்டும் தங்கச்சி,
ஆனா நான் சாப்பிட்டு முடிச்ச பிறகு மக்கட்டும்."
கடை முழுக்கச் சிரித்தது. நானும்.
அன்றிலிருந்து சொதிக்குத் தனிப் பை.
அந்தப் பை எதில் செய்ததென்று
ஒருத்தரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

விடிய ஐந்தரைக்கு லாண்ட்மாஸ்ரர் வரும்.
பச்சை வாளியில் மக்குகிறது,
செம்மஞ்சளில் மற்றது,
பிரித்துத்தான் வைத்திருந்தேன்.
றெக்சன் இரண்டையும் ஒரே பெட்டியில் கவிழ்த்தான்.
"ஏன்ரா?"
"ஒரு பெட்டிதானே தந்தவை, அக்கா."
கல்லுண்டாயில் ஆர் பிரிக்கிறது என்று கேட்டேன்.
"காத்து" என்றான்.
"பாரமில்லாததைக் கடலுக்குக் கொண்டுபோகும்.
மிச்சத்தை மாடு பாத்துக்கொள்ளும்."
பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே,
"பசளைக் குவியலுக்குள்ள மினுக்கமா ஏதும் தெரிஞ்சா
சுப்பவைசர் ஏசுவார்.
உங்கட நல்ல தாளையும் பொறுக்கித்தான் எறியிறன்.
எது எதெண்டு பாக்க
வெயிலுக்குள்ள எனக்கு எத்தினை கண்?"

கடைக்குப் பின்னால்
கழுவுதண்ணி ஓடுகிற பக்கம் கொஞ்சம் நிலம்.
மண்வெட்டி எடுத்தேன்.
ஒரு முழம் போகமுன்னம் கல் தட்டியது.
மதிலுக்கு அங்கால் தையற்கடை மெசின் நின்றது.
இந்த ஊரில் பின்வளவில் ஒருத்தி தோண்டினால்
மெசின்கள் நிற்கும்.
"என்னத்தைப் புதைக்கிறாய், புஸ்பகாந்தி?"
சவுந்தரநாயகத்தின் குரலில் தையல் விட்டிருந்தது.
"லஞ்ச் சீற்."
கொஞ்சநேரம் கழித்துத்தான்
மெசின் திரும்ப ஓடியது.

பழையது ஒரு குழி, புதுசு ஒரு குழி.
தலைமாட்டில் ஆளுக்கொரு வளைந்த கரண்டி.
கார்த்திகை மழை முழுக்க அதுக்கு மேலே நின்றது.
வங்கிக்காரர் காசு கொடுக்கும்போது
"எப்பிடி, ஆள் மக்கீற்றாரோ?" என்பார்.
தையற்கடை புதுசின் பக்கம்
நூறு ரூபா கட்டியிருப்பதாகக் கேள்வி.

தொண்ணூறாம் நாள் கிளறினேன்.
பழையது
கழுவினால் இன்றைக்கும் சோறு கட்டலாம்.
புதுசின் ஓரம் பிய்ந்திருந்தது,
நடுவில் சுண்டுவிரல் போகிற ஓட்டை,
ஒரு மண்புழு அதைச் சட்டைசெய்யாமல் கடந்தது.
'மக்கும்' என்று அச்சடித்ததில்
க் மட்டும் போயிருந்தது.
மகும் என்று வாசித்தேன்.

பொடியனுக்கு அடித்தேன்.
"அக்கா, நூற்றியெண்பது நாள் போகவேணும்.
அதோட அதுக்குச் சூடு வேணும், அறுபது பாகை.
குவிச்சு, மூடி, கிளறிக்கொண்டிருக்கவேணும்."
"அந்த இடம் எங்க?"
பின்னால் கொழும்பு பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது.
"அது எங்கட பகுதி இல்லை அக்கா."

அறுபது பாகை.
என் அடுப்படியில் மதியம் அதைவிடக் கூட இருக்கும்.
குழியை மூடினேன்.
கரண்டியைத் திரும்ப ஊன்றினேன்.
சித்திரை வரைக்கும் பார்ப்போம்.

அடுத்தநாள் விடிய
லாண்ட்மாஸ்ரரின் பக்கவாட்டில்
ஒரு யூரியாச் சாக்குத் தொங்கியது,
வாய் கம்பியால் வளைத்து.
றெக்சன் என் பச்சை வாளியைத் தூக்கி
அதுக்குள் மட்டும் கொட்டினான்.
"எங்கயடா கொண்டுபோறாய்?"
"இன்னும் தெரியாது" என்றான்
கியரைப் போட்டுக்கொண்டு,
"இப்போதைக்கு வேறையா வச்சிருக்கிறன்."